ஆர்க்காட்டு வாரிசுப் போரில் மிக மோசமான தளபதி யார்?

இரண்டாம் கர்நாடகப் போரை ஆங்கிலேய–பிரெஞ்சுப் போட்டியாகவே நாம் கற்பிக்கிறோம். அடிப்படையில் அது ஓர் உள்நாட்டுப் போர். 1749 ஆகஸ்டில் நவாப் அன்வருத்தீன் ஆம்பூரில் கொல்லப்பட்டபின், ஆர்க்காட்டு அரியணைக்காகச் சந்தா சாகிபும் அன்வருத்தீனின் மகன் முகமது அலியும் மோதினர். இங்கிலாந்தும் பிரான்சும் அப்போது சமாதானத்தில் இருந்தன. கம்பெனிகளோ இங்கே ஆளுக்கொரு பக்கம் நின்றன.

இப்போரின் மிக மோசமான தளபதி என்றால், சந்தா சாகிபுக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையை நடத்திய ழாக் லாவையே வழக்கமாகச் சுட்டுவர். காரணங்கள் வலுவானவை. 1752 ஏப்ரலில் லாரன்சும் கிளைவும் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுவந்த உதவிப்படையைத் தடுக்க அவரால் இயலவில்லை. அடுத்து, சந்தா சாகிபின் மறுப்பையும் மீறித் திருவரங்கத் தீவுக்குப் பின்வாங்கினார். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். கிளைவ் கொள்ளிடத்தைக் கடந்து சமயபுரத்தில் நிலைகொண்டதும் புதுச்சேரிக்குச் செல்லும் வழி அடைபட்டது. அரணென்று கருதிய ஆறுகளே சிறையாயின. மீட்க வந்த தோத்தேய் வாலிகண்டபுரத்தில் சரணடைந்தார். ஜூனில் லாவும் ஏறத்தாழ 800 ஐரோப்பிய வீரர்களோடு சரணடைந்தார். தஞ்சைத் தளபதி மானோஜியின் வாக்கை நம்பிச் சென்ற சந்தா சாகிபின் தலை துண்டிக்கப்பட்டது. லா உயிர் தப்பினார்.

ஆனால் இதற்கு முந்தைய ஆண்டு, அதே வாலிகண்டபுரத்தில், கேப்டன் ஜிஞ்சன்சின் ஆங்கிலப் படை பீதியுற்று ஓடியதை எத்தனைபேர் நினைவில் வைத்திருக்கிறோம்? அவரும் திருவரங்கம்வரை பின்வாங்கினார். அங்கும் நில்லாமல் திருச்சிக் கோட்டை மதிலடியில் ஒதுங்கினார். லாவின் பிழைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஜிஞ்சன்சை மீட்க லாரன்ஸ் வந்தார், லாவை மீட்கத் தோத்தேய் வந்தார், அவ்வளவே. வென்ற தரப்பில் இருந்ததால் ஜிஞ்சன்சின் பெயர் பழிப்பட்டியலில் ஏறவில்லை.

(முகமது அலிக்குத் துணையாக நஞ்சராஜர் திருச்சிக்கு நடத்திவந்த மைசூர்ப் படையில் ஹைதர் அலியும் இருந்தார். 1766இல் நம் பாலக்காட்டுக் கோட்டையை எழுப்பியவர் அவரே. இத்தளபதிகளின் தடுமாற்றங்களை அவர் அருகிருந்து கண்டிருக்க வேண்டும்.)

எனவே தனித்தனித் தளபதிகளின் தோல்விகளை எண்ணுவதைவிட, யார் யாரை எங்கே நிறுத்தினார் என்று கேட்பதே பொருத்தம். பிரெஞ்சுத் தரப்பின் மிகச் சிறந்த படைத்தலைவரான புஸ்ஸியை டூப்ளே முசாபர் ஜங்குடன் தக்காணத்துக்கு அனுப்பிவிட்டார். போரின் முடிவு தங்கியிருந்த திருச்சியை லாவிடம் விட்டார். என் கணிப்பில் முதற்பழி டூப்ளேயுடையது. லாவின் சரணுக்குப் பின்னும் புஸ்ஸி தக்காணத்திலேயே இருந்தார். 1754இல் டூப்ளே பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்.