தாத்தா எந்தப் படையில் இருந்தார்?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பல வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. "நம்ம பரம்பரையில ஒருத்தர் உள்நாட்டுப் போரில் சண்டை போட்டார்" என்பார்கள். உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

1861 முதல் 1865 வரை நடந்த போர் அது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன 11 மாநிலங்கள் கான்ஃபெடரேட் என்ற பெயரில் போரிட்டுத் தோற்றன. அவர்களின் பதிவேடுகள் பல வென்றவர்கள் கையில் சிக்கின. 1903 முதல் வாஷிங்டனில் அவற்றை ஆள்வாரியாக அட்டைகளில் எழுதினார்கள். எந்த ரெஜிமென்ட், எங்கே சேர்ந்தார், ஆஜரா, ஆஸ்பத்திரியா, கைதியா... எல்லாம் அதில் வரும்!

ஆனால் ஒரே பெயரில் பல சிப்பாய்கள் இருப்பார்கள். அதனால் பென்ஷன் மனுவையும் பார்க்க வேண்டும். தோற்ற படைக்கு மத்திய அரசு அப்போது பென்ஷன் தரவில்லை, தென் மாநிலங்கள் தந்தன. போருக்குப் பின் அவர் குடியிருந்த மாநிலத்தில்தான் மனு கிடைக்கும்.

அடுத்தது மக்கள்தொகைக் கணக்கு. 1850-லிருந்து அடிமையல்லாத ஒவ்வொருவரின் பெயரும் அதில் உண்டு. அடிமைகளுக்கோ 1850, 1860 இரண்டிலும் தனிப் பட்டியல். மேலே முதலாளியின் பெயர். கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயர் பெரும்பாலும் கிடையாது! விடுதலைக்குப் பின், 1870 கணக்கில்தான் அவர்களில் பெரும்பாலோர் பெயரோடு வருகிறார்கள்.

சிப்பாயைத் தேடுகிற குடும்பம் அந்தப் பட்டியலையும் புரட்ட வேண்டும். முதலாளி தங்கள் தாத்தாவாகவே இருக்கலாம். அப்படியானால் பரணில் கிடக்கும் அவருடைய உயிலிலும் கணக்கு நோட்டிலும், இன்னொரு குடும்பம் தலைமுறைகளாகத் தேடும் பெயர் இருக்கக்கூடும்.