பத்துக்குப் பத்து

பிராடி கார்பெட் இயக்கிய ‘தி புருட்டலிஸ்ட்’ (2024) மூன்றரை மணி நேரப் படம். புக்கன்வால்ட் வதைமுகாமிலிருந்து உயிர்தப்பிய ஹங்கேரி யூதக் கட்டடக் கலைஞர் லாஸ்லோ டோத், போருக்குப் பின் பென்சில்வேனியாவில் ஒரு பணக்காரருக்காகப் பெரிய கான்கிரீட் மன்றம் எழுப்புகிறார். அதன் அறைகளுக்கு அவர் வைத்தது முகாம் அறைகளின் அளவு என்று கடைசியில் தெரிகிறது. பட்ட துயரமே கட்டடமாகிறது என்பது படத்தின் கட்சி. அழகான எண்ணம்தான். ஆனால் அகதியாக வந்தவர் கட்டடக் கலைஞராவதா கூலியாவதா என்பதை வந்துசேர்ந்த நாடு கொடுக்கும் காகிதமே தீர்மானிக்கிறது.

இலங்கைத் தமிழ் அகதிகளுக்காக 1990இல் கும்மிடிப்பூண்டியில் முகாம் திறந்தது. குடும்பத்துக்குப் பத்துக்குப் பத்து அறை. அதே ஊர் சிப்காட் தொழிற்பேட்டையில் கட்டடக் கம்பி உருட்டும் ஆலைகள். ஆனால் முகாம் ஆண்கள் பலருக்கு வாய்த்தது பெயின்டிங்: சென்னை அடுக்குமாடிகளில் சாரம் ஏறி, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடிப்பது. பொறியியல் படித்தவர்களும் இதில் உண்டு. ஆள் கணக்கெடுக்கும் தணிக்கை நாளில் ஒவ்வொருவரும் முகாமில் இருந்தாக வேண்டும்; நிரந்தர வேலைக்குக் கேட்கும் காகிதம் கையில் இல்லை. தினக்கூலிக்கு அழைக்கும் மேஸ்திரி மட்டும் எதையும் கேட்பதில்லை.

அயலாருக்கு எந்த நாடும் இப்படித்தான் செய்யும் என்று சொல்லலாம். ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் அயலார்தான். ஹிட்லர் ஆட்சியில் வேலையிழந்த பெர்லின் யூதரான அவரை 1939இல் மைசூர் சமஸ்தானம் தலைமைக் கட்டடக் கலைஞராக்கியது. 1948இல் இந்திய அரசு வீட்டுவசதி இயக்குநராக்கியது. பிரிவினை அகதிகளுக்காக எழுப்பிய ஃபரிதாபாத் நகரில் அவர் திட்டமும் உண்டு. அங்கே அகதிகளே கூட்டுறவாகச் சேர்ந்து வீடு கட்டிக் குடியேறினார்கள். அவர்களை இந்தியா குடிமக்களாக ஏற்றிருந்தது, ஈழத்தவரோ திரும்பிப் போக வேண்டியவர்கள் என்பது அடுத்த மறுப்பு. 1990இல் அதில் நியாயம் இருந்தது. பிறகு முகாமிலேயே பிள்ளைகள் பிறந்தார்கள். 1987 ஜூலைக்குப் பின் இந்தியாவில் பிறந்தாலும் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை என்ற சட்டம் அவர்களுக்கு முன்பே வந்துவிட்டது. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு வழிவிட்டது, இலங்கையைச் சேர்க்கவில்லை.

தமிழக அரசு சும்மா இருக்கவில்லை. உதவித்தொகை, பள்ளி, ரேஷன் எல்லாம் கொடுத்தது. 2021இல் முகாம்களுக்கு 7,469 புதிய வீடுகளை அறிவித்து, ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயரையும் மாற்றியது. இடிந்த ஓட்டு வரிசைகளில் முப்பது ஆண்டு இருந்தவர்களுக்கு இது பெரிய காரியம். அந்த வீடுகளுக்குப் பட்டா கொடுப்பது மட்டும் குடியுரிமையோடு கட்டுண்டு கிடக்கிறது. அந்த அதிகாரம் டெல்லியில் இருக்கிறது.