இரண்டு புறப்பாடுகள்

1969 ஜூலையில் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் பஸ் ஆல்ட்ரினும் ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை விண்ணேறினார்கள். 16ஆம் தேதி ஃபுளோரிடாவிலிருந்து, 21ஆம் தேதி நிலவிலிருந்து. ஈர்ப்புவிசை எரிபொருளை எப்படி விழுங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

முதல் புறப்பாட்டுக்கு 110 மீட்டர் உயர சாட்டர்ன்-5 ராக்கெட் தேவைப்பட்டது. எடை ஏறத்தாழ 2,900 டன். அதில் பத்தில் ஒன்பது பங்கு எரிபொருளும் அதை எரியவைக்கும் திரவ ஆக்சிஜனும்தான். ஐந்து எஞ்சின்களின் உந்துவிசை சுமார் 3,400 டன். ராக்கெட்டின் எடையைத் தாங்கவே அதில் 2,900 போய்விட, மிச்சம்தான் மேலே தூக்கியது. ஏவுதலின் காணொளியில் பாருங்கள்: உடம்பிலிருந்து பனிச்சில்லுகள் உதிர உதிர, ராக்கெட் அசைந்து எழுகிறது. ஏவுதளக் கோபுரத்தைத் தாண்டவே பத்து விநாடிக்கு மேல். விநாடிக்குச் சுமார் 13 டன் எரிந்து, இரண்டரை நிமிடத்தில் முதல் அடுக்கு காலி.

நிலவிலிருந்து கிளம்பிய கலம் பூமியில் நிறுத்தால் ஐந்து டன்கூட இல்லை. அங்கே அதன் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. ஒரே எஞ்சின், உந்துவிசை ஒன்றரை டன் சொச்சம். அந்த எஞ்சினுக்கான சுவிட்சின் முனை உடைந்துகிடந்தது. ஆல்ட்ரின் ஒரு ஃபெல்ட் பேனா முனையால் அதை அழுத்தினார். எஞ்சினுக்குள் எரிபொருளும் அதை எரியவைக்கும் திரவமும் கலந்ததும் தாமாகப் பற்றிக்கொண்டன. ஏழே நிமிடத்தில் நிலவின் சுற்றுப்பாதை.

நிலவின் ஈர்ப்பு ஆறில் ஒன்று என்பதால் எரிபொருளும் ஆறில் ஒன்று போதும் என்று நினைப்பது தவறு. பூமியைத் தாழ்வாகச் சுற்ற விநாடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகம் வேண்டும், நிலவைச் சுற்ற 1.7 போதும். வேகம் கூடும்போது எரிபொருள் கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். ரஷ்ய அறிவியலாளர் சியோல்கோவ்ஸ்கி 1903இலேயே எழுதிவைத்த சமன்பாடு இது. நெடுவழிக்குக் கட்டுச்சோறு கட்டியவன் அந்தச் சோற்றைச் சுமப்பதற்கும் சேர்த்துச் சாப்பிட வேண்டியிருப்பதுபோல, எரிபொருளைத் தூக்கவும் எரிபொருள் வேண்டும். பூமியில் காற்றின் தடையும் உண்டுதான், ஆனால் அது சிறு பங்கே.

விளைவு: சாட்டர்ன் கிளம்பிய எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குகூடப் பூமியின் சுற்றுப்பாதையை எட்டவில்லை. நிலவுக் கலத்திலோ பாதி எட்டியது.

ஆனால் நிலவில் எரிந்த அந்த இரண்டு டன் சொச்சம் எரிபொருளும் பூமியிலிருந்து போனதுதான். நிலவை நோக்கி அனுப்பிய ஒவ்வொரு டன்னுக்கும் ஏவுதளத்தில் 60 டன்னுக்கு மேல் நிறுத்தவேண்டியிருந்தது. நிலவின் துருவப் பனியிலிருந்து அங்கேயே எரிபொருள் தயாரிக்க வேண்டும் என்று இன்று பொறியாளர்கள் முனைவது இந்தக் கணக்கை வைத்துத்தான்.