தொழிலாளி அல்லாதவர்

நாம் முன்னர்ப் பணியாற்றிய சுயநிதிக் கல்லூரி ஒன்றில், ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் மாதக் கடைசி வேலைநாளில் இருவருக்குக் கடிதம் கொடுக்கப்பட்டது. ஒருவர் கல்லூரிப் பேருந்தின் ஓட்டுநர். மிகுநேரப் பணிக்குக் கூலி கேட்டிருந்தார். மற்றவர் தமிழ்த்துறையில் நம்மோடு பணிபுரிந்த விரிவுரையாளர். கோடை விடுமுறைக்கு ஏன் ஊதியம் இல்லை என்று தாளாளரிடம் கேட்டிருந்தார். இரு கடிதங்களிலும் காரணம் எதுவும் இல்லை. ஜூன் முதல் வரவேண்டியதில்லை என்ற ஒரு வரிதான். ஓட்டுநர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தாலும், இறுதியில் மீண்டும் பணியில் சேர்ந்தார். அதே வழக்கறிஞரைத் தேடிப்போன விரிவுரையாளருக்குக் கிடைத்த விடை, "அம்மா, நீங்கள் தொழிலாளி இல்லையே" என்பது.

அந்த வழக்கறிஞர் சொன்னது சட்டப்படி சரியே. அது எப்படிச் சரியாயிற்று என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதில் நாம் வியப்பது, ஆசிரியரின் உரிமை பறிபோனது இகழ்ச்சியால் அன்று, புகழ்ச்சியால் என்பதைத்தான்.

ஆங்கிலேயர் கொண்டுவந்த பொதுச் சட்டத்தின்படி வேலை என்பது ஆண்டானுக்கும் ஏவலனுக்கும் இடையிலான ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தத்தை முறித்துத் துரத்தினால் இழப்பீடு கேட்கலாம். அதுவும் பெரும்பாலும் முன்னறிவிப்புக் காலத்து ஊதிய அளவே. போன வேலையைத் திருப்பித் தா என்று கேட்க இயலாது. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டம் இதை உடைத்தது. முறையற்ற பணிநீக்கத்தை நீக்கி மீண்டும் வேலையில் அமர்த்தும் அதிகாரம் தீர்ப்பாயங்களுக்கு வந்தது. தொடக்கத்தில் தனி ஒருவரின் பணிநீக்கத்தைத் தொழிற்சங்கமோ கணிசமான சக தொழிலாளர்களோ தம் வழக்காக எடுத்துக்கொண்டால்தான் அது தொழிற்தகராறு ஆகும். 1965ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கட்டாயத்தையும் நீக்கியது. 1971ஆம் ஆண்டுத் திருத்தம், குற்றத்துக்குத் தண்டனை மிகை என்று கண்டால் அதைக் குறைக்கவும் இடம் கொடுத்தது. எல்லாம் நல்லவையே. ஆனால் இவை அனைத்தும் 'தொழிலாளி' என்ற ஒரு சொல்லின் வாயிலில் நிற்கின்றன. உடலுழைப்பு, எழுத்தர் பணி, பின்னர்ச் சேர்ந்த மேற்பார்வை, தொழில்நுட்பம் என்று அச்சொல்லின் வரையறை ஒரு பட்டியல். கற்பித்தல் அப்பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை.

1963ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு நம் ஓட்டுநரின் கதையை ஒத்தது. தில்லிப் பல்கலைக்கழகம் மாணவியர்க்காகப் பேருந்துகள் ஓட்டிவந்தது. நட்டம் என்று அவற்றை நிறுத்தியபோது இரண்டு ஓட்டுநர்களை வேலையிலிருந்து நீக்கியது. தீர்ப்பாயம் ஓட்டுநர்கள் பக்கம் நின்றது. உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கஜேந்திரகட்கர். தொழிலாளர் சட்டத்தைச் செதுக்கியவர்களுள் முதன்மையானவர், பிற்காலத்தில் பம்பாய்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர். அவருடைய வாதம் இவ்வாறு செல்கிறது: கல்வியின் நோக்கம் மாணவரின் ஆளுமையை வளர்ப்பது. அதில் முதன்மையான பங்கு ஆசிரியருடையது. ஆசிரியரோ தொழிலாளி அல்லர். ஆகவே கல்வி ஒரு தொழில் ஆகாது; ஓட்டுநர், ஏவலர் போன்றோரின் பங்கு சிறிது என்பதால் அவர்களைக் கொண்டு அதைத் தொழிலாக்கவும் முடியாது. ஆசிரியரின் உயர்வைக் காரணமாகக் காட்டி இரண்டு ஓட்டுநர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள் என்று இதனை நாம் வாசிக்கிறோம். அவர்கள் ஓட்டிய வண்டியில் எந்த ஆளுமையும் பயணம் செய்யவில்லை போலும்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1978இல், காட்சி மாறியது. பெங்களூர்க் குடிநீர் வழங்கல் வாரியம் தன் ஊழியர்களிடம் தண்டத்தொகை பிடித்ததில் தொடங்கிய வழக்கு, ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு வரை சென்றது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு 'தொழில்' என்ற சொல்லை அகலத் திறந்துவிட்டது. மருத்துவமனை, ஆராய்ச்சி நிலையம், கல்வி நிறுவனம் யாவும் தொழிலாயின. தில்லித் தீர்ப்பு தள்ளப்பட்டது. ஆசிரியர் தொழிலாளி ஆகாவிட்டாலும், அங்கே வேலை செய்யும் மற்றவர்கள் தொழிலாளர்களாக இருக்கலாமே என்பது அதன் போக்கு. ஓட்டுநர் உள்ளே வந்தார். ஆசிரியர் பற்றிய கேள்வி வாசலிலேயே நின்றது. 1982இல் நாடாளுமன்றம் கல்வி நிறுவனங்களை விலக்கிப் புதிய வரையறை ஒன்றை இயற்றியது. ஆனால் அப்பகுதி கடைசிவரை நடைமுறைக்கு வரவில்லை. 1978ஆம் ஆண்டுத் தீர்ப்பை மறுஆய்வு செய்யும் கேள்வி 2017இல் ஒன்பது நீதிபதிகளின் அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

வாசலில் நின்ற கேள்விக்கு விடை 1988 ஜூலையில் வந்தது. கோவாவில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியை 1975 ஏப்ரலில் ஒரு கடிதத்தால் நீக்கப்பட்டார் (ஏப்ரல் மாதத்துக்கும் ஆசிரியர்க்கும் அப்படி ஒரு பொருத்தம்). அவருடைய தகராறைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப அரசு மறுத்தது. உயர்நீதிமன்றமும் கைவிட, பதின்மூன்று ஆண்டுகள் கழித்து உச்சநீதிமன்றம் சொன்னது இது: பள்ளி ஒரு தொழில்தான், ஆனால் ஆசிரியர் தொழிலாளி அல்லர். கல்வி புகட்டுவது உன்னதமான ஒரு பணி. அதை உடலுழைப்பு என்றோ எழுத்தர் பணி என்றோ மேற்பார்வை என்றோ கொள்ள இயலாது. ஆசிரியர்க்குச் சமூக நீதி மறுக்கப்படக் கூடாது என்றும், அதற்கெனத் தனி ஏற்பாடுகள் வேண்டும் என்றும் அதே தீர்ப்பு பரிவோடு சொல்கிறது. பரிவு ஆணை ஆகாது.

இவ்விடத்தில் தமிழாசிரியர் என்ற முறையில் நமக்கு ஒன்று தோன்றுகிறது. நன்னூலார் நல்லாசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை சொன்னார். கூடவே, பாடம் கேட்கத் தகுதியுடையோர் வரிசையில் மிகுந்த பொருள் கொடுப்பவனையும் வைத்தார். உயர்வும் ஊதியமும் ஒன்றையொன்று விலக்குவன என்று அவர் நினைக்கவில்லை. திருக்குறளில் வரும் அறுதொழிலுக்கு உரை எழுதிய பரிமேலழகர் ஓதுவித்தலை அவ்வாறனுள் ஒன்றாகவே எண்ணினார். இலக்கணத்தைக் கேட்டாலோ, 'கற்பித்தல்' தொழிற்பெயர்.

சொல்லின் வாயிலை நாடாளுமன்றம் திறந்ததே இல்லையா என்றால், பிறருக்குத் திறந்திருக்கிறது. பத்திரிகையாளர் தொழிலாளியா என்ற ஐயம் எழுந்தபோது, 1955இல் தனிச்சட்டம் இயற்றித் தொழிற்தகராறுகள் சட்டத்தை அவர்களுக்கும் பொருத்தினார்கள். மருந்து நிறுவனப் பிரதிநிதி ஒருவர் தொழிலாளி அல்லர் என்று உச்சநீதிமன்றம் 1961இல் சொன்னது. 1976இல் விற்பனை ஊக்குநர்களுக்கென ஒரு சட்டம் வந்தது. ஆசிரியர்க்கு அப்படி ஒன்று மைய அரசிடமிருந்து வரவில்லை.

மாநிலங்கள் ஓரளவு செய்தன. தமிழ்நாட்டில் 1976ஆம் ஆண்டின் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம், உரிய அதிகாரியின் முன் ஒப்புதல் இன்றி ஆசிரியரைப் பதவிநீக்கம் செய்யக் கூடாது என்றது. படித்தால் அரண் போலத்தான் இருக்கும். ஆனால் நம் தோழியின் நியமன ஆணை ஜூன் முதல் ஏப்ரல் வரைக்கானது, ஆண்டுதோறும் புதிது. தொகுப்பூதியம். எனவே அவர் பதவிநீக்கம் செய்யப்படவே இல்லை. மறுபடி நியமிக்கப்படவில்லை, அவ்வளவே என்பது நிர்வாகத்தின் வாதம். அரணைத் தகர்க்காமல் அதன் பக்கத்தில் ஒரு வழி வெட்டிக்கொண்டார்கள்.

உயர்நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கேட்கலாமே என்போர் உண்டு. அகமதாபாத்தில் ஓர் அறக்கட்டளை தன் கல்லூரியை மூடி ஆசிரியர்களை வெளியேற்றியபோது, பொதுக்கடமை ஆற்றும் தனியார் அறக்கட்டளைக்கு எதிராகவும் பேராணை பிறப்பிக்கலாம் என்று 1989இல் உச்சநீதிமன்றம் வழிகாட்டியது. 2022 ஆகஸ்டில் வந்த மற்றொரு தீர்ப்போ, அரசு உதவி பெறாத தனியார் பள்ளியில் பொதுச்சட்டத்தோடு தொடர்பில்லாத பணித் தகராறுகளுக்கு அவ்வழி திறவாது என்று குறுக்கியது. அதே மாதம் வேறொரு வழக்கில் ஆசிரியர்கள் வென்றார்கள் என்பதையும் சொல்லவேண்டும். பணிக்கொடைச் சட்டத்திலும் இதே சொற்பட்டியல் இருந்தது. அதைக் காட்டி, ஆசிரியர்க்குப் பணிக்கொடை இல்லை என்று 2004இல் தீர்ப்பாயிற்று. நாடாளுமன்றம் 2009இல் வரையறையைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் அது செல்லும் என்றது. தனியார் பள்ளிகள் எதிர்த்தன; 2022இல் திருத்தம் நிலைநின்றது. ஐந்தாண்டில் ஒரு சொல்லைத் திருத்த முடிந்திருக்கிறது. விடைபெறும்போது ஆசிரியருக்கு உரியது கிடைக்க வழி செய்தவர்கள், துரத்தப்படும்போது அவர் நிற்க ஓர் இடம் செய்யவில்லை.

1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2020இல் இயற்றப்பட்ட தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் தொழிலாளியின் வரையறையைத் தேடி வாசித்தோம். பழைய பட்டியல் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. பத்திரிகையாளரும் விற்பனை ஊக்குநரும் அடங்குவர் என்று பெயர் குறித்தே எழுதியிருக்கிறார்கள். ஆசிரியர் என்ற சொல்லைக் காணவில்லை. நம் தோழி இப்போது வேறொரு கல்லூரியில் பணிபுரிகிறார். அவருடைய ஆணையும் ஏப்ரலோடு முடிகிறது.