மருதமடுவின் அடுப்புக் கற்கள்



வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு காட்டுக்குப் போய், கூடாரம் அடித்து, சமைத்து உண்டு மகிழ்வது மேல்நாட்டாரிடமிருந்து நாம் கற்றுக்கொண்ட பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். ஆனால், குடும்பம் குடும்பமாகப் பயணம் போய், மரநிழலில் தங்கி, மூன்று கல்லைக் கூட்டி உலையேற்றி, அயலிலே தங்கியவரோடு பகிர்ந்துண்ணும் வழக்கம் தமிழரிடையே மிகப் பழையது. அந்த வழக்கத்தின் வரலாற்றை ஒரேயோர் இடத்தை மையமாக வைத்து இன்று சொல்ல விரும்புகிறேன். மன்னார் மாவட்டத்துக் காட்டின் நடுவே உள்ள மருதமடு என்னும் மடுக்கோயில் வளவே அந்த இடம்.

மடுவுக்குப் போகுமுன் சங்க இலக்கியத்தை ஒருமுறை பார்த்துவிடுவோம். அக்காலத்தில் நாடோடிகளாகத் திரிந்து உப்பு விற்றவர்கள் உமணர்கள். அவர்கள் தனியே போனவர்கள் அல்லர். மனைவி மக்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டே போனார்கள். பெரும்பாணாற்றுப்படையில், பிள்ளையைச் சுமந்த தாய் எருதுகளை ஓட்டிச் செல்வதையும், ஊறுகாய்ப் பானை வண்டியில் கட்டப்பட்டிருப்பதையும் காண்கிறோம். வண்டியிலேயே சமையலறை இருந்தது என்று சொன்னால் தவறாகாது. அகநானூற்றுப் புலவர்கள் வேறொரு காட்சியையும் காட்டுகின்றனர். உமணர் தங்கிச் சமைத்துவிட்டுப் போன இடத்திலே அவர்களுடைய அடுப்புக் கற்கள் கிடக்கின்றன. பின்னால் அவ்வழியே வருகின்ற வேறு மனிதர் அதே கற்களின்மேல் தமது உணவைச் சமைத்துக்கொள்கின்றனர். அப்படிப் பின்னால் வந்தவர்கள் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள் என்றுமில்லை. ஆநிரை கவர்ந்த வில்வீரர்களையே ஒரு பாடல் காட்டுகிறது. ஒருவர் விட்டுப்போன அடுப்பு, அடுத்து வருபவர் யாரென்று கேளாமலே அவருக்குப் பயன்படுகிறது. இந்தக் காட்சியை மனத்திலே வைத்துக்கொண்டு மடுவுக்குப் போவோம்.

1658ஆம் ஆண்டிலே மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறின. ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்தனர். குருமார் வெளியேற்றப்பட்டனர். அவ்வேளையில், 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்த இருபது குடும்பங்கள் அங்கிருந்த மாதா சுரூபத்தையும் எடுத்துக்கொண்டு காட்டு வழியே புறப்பட்டன என்றும், யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்குத் தப்பி வந்த இன்னொரு கூட்டத்தாரும் அவர்களும் மருதமடுவிலே சந்தித்துக் குடியமர்ந்தார்கள் என்றும் திருச்சபை மரபு கூறுகின்றது. 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்த யோசப் வாஸ் அடிகளார் இவ்வாறு சிதறிக்கிடந்த மக்களைத் தேடித் தேடிச் சென்றமை யாவரும் அறிந்ததே.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மடுவுக்கு முதன்முதலில் வந்த குடும்பங்கள் திருவிழாவுக்கு வந்தவையல்ல. அடைக்கலம் தேடி வந்தவை. வன்னிக்காடு மழைகாலத்திலே குரக்கனும் சாமையும் விளைவிக்க இடந்தரும். கோடையிலே பாலைப்பழமும் தேனும் தரும். பாலை, வீரை, முதிரை என்று விறகுக்குக் குறைவில்லை. ஆனால் ஒளிந்திருப்பவனுக்கு அடுப்புப் புகையும் பகைதான். மருதமரத்தடியில் முதலில் மூட்டிய அடுப்பு, பசியும் பயமும் சேர்ந்து மூட்டிய அடுப்பு.

அடுத்த இரு நூற்றாண்டுகளில் நிலைமை மாறியது. பிரித்தானியர் ஆட்சியிலே சமயத் தடைகள் நீங்கின. 1872இல் யாழ்ப்பாண ஆயர் பொஞ்சீன் ஆண்டகை இன்றுள்ள பெருங்கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். யூலை 2ஆந் திகதித் திருவிழா நாடறிந்த பெருவிழாவாயிற்று. யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா மட்டுமன்றிச் சிலாபம், நீர்கொழும்பு, கொழும்புப் பகுதிகளிலிருந்தும் தமிழரும் சிங்களவரும் குடும்பம் குடும்பமாக வரத்தொடங்கினர். கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவரும் பௌத்தரும் நேர்த்தி வைத்து வந்தனர். வந்தவர்களுக்குத் தங்க விடுதி ஏது? காடுதான் விடுதி. கொடியேறியது முதல் நவநாட்கள் ஒன்பதும் கழியும்வரை மரங்களின் கீழ் கிடுகுக் கொட்டில்களும், சாக்குப் படங்குகளும், கூண்டு வண்டில்களும் ஒரு தற்காலிகப் பட்டினமாக எழுந்து நிற்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவைத் தாண்டி மாட்டுவண்டிலில் போவதென்றால் அது பல நாட்பயணம். புறப்படுமுன்னரே வீட்டுப் பெண்கள் ஆயத்தஞ் செய்யத் தொடங்கிவிடுவார்கள். முதல்நாளைக்குப் புளியும் நல்லெண்ணெயும் விட்டுப் பிசைந்த கட்டுச்சோறு வாழையிலையிலே பொதியப்படும். அடுத்துவரும் நாட்களுக்குப் புழுங்கலரிசி, இடித்த மிளகாய்த்தூள், புளி, உப்பு, மோர்மிளகாய், கத்தரி வற்றல், ஒடியல்மா, பினாட்டு என்பன கடகங்களில் ஏறும். காட்டிலே கிடைக்காதது தேங்காய். ஆதலால் சாக்கு நிறையத் தேங்காய் வண்டிலின் அடியிலே கிடக்கும். பானை சட்டி அகப்பைகளோடு திருவலையும் மறவாமல் ஏற்றப்படும்.

காட்டிலே பலருக்குச் சமைப்பது வீட்டிலே சமைப்பதுபோல் இலகுவானதன்று. யூலை மாதம் சோளகக் காற்று வீசும் காலம். காடு சருகாய்க் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி பறந்தாலும் ஆபத்து. எனவே அடுப்பு மூட்டுமுன் சருகைக் கூட்டி அள்ள வேண்டும். காற்றுப் பக்கத்தில் நிலத்தைச் சற்று வெட்டிக் கல்லைப் புதைத்து, மறைப்பொன்று வைக்க வேண்டும். இரண்டு மூன்று வண்டிலாட்கள் சேர்ந்து ஒரே உலை வைப்பார்கள். கிடாரத்திலே சோறு, பக்கத்துச் சட்டியிலே பருப்பும் கத்தரிக்காயும், கடைசியில் ஒரு சொதி. ஆண்கள் விறகு வெட்டித் தண்ணீர் அள்ளுவார்கள். பிள்ளைகள் பாலைப்பழம் பொறுக்கப் போய், அதன் பால் உதட்டிலே ஒட்டிக்கொள்ள, எண்ணெய் பூசச் சொல்லித் தாயிடம் ஓடிவருவார்கள்.

தண்ணீர்தான் பெருந்தொல்லை. கோடையிலே கிணறுகள் வற்றும். ஆயிரக்கணக்கானோர் கூடும் இடத்திலே வாந்திபேதி பரவினால் தடுக்க இயலாது. ஆதலால் யாத்திரைத் தலங்களில் மக்கள் கூடுவதையும், தண்ணீரையும், சுத்தத்தையும் கண்காணிப்பது பிரித்தானிய நிருவாகத்துக்குப் பெரும் பொறுப்பாயிருந்தது. கொதிக்கவைத்த கஞ்சியும் சுடுசோறும் பயணிகளுக்கு ருசியாக மட்டுமன்றிக் காப்பாகவும் இருந்தன.

1914இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை திறக்கப்பட்ட பின்னர் மடு றோட் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வண்டிலிலோ நடந்தோ போகும் வசதி ஏற்பட்டது. 1924 யூலை 2ஆந் திகதி மாதா சுரூபத்துக்கு முடிசூட்டு விழா நடந்தது. அதே ஆண்டிலேதான் யாழ்ப்பாணத்தில் பின்னாளில் இளைஞர் காங்கிரஸ் என்று பெயர்பெற்ற மாணவர் அமைப்பும் தோன்றி, சாதி பாராது சமபந்தியில் உண்ண வேண்டும் என்று வாதாடத் தொடங்கியது. ஒருவர் வீட்டில் மற்றவர் தண்ணீர் குடிக்கத் தயங்கிய காலம் அது. காட்டுக்கு வந்தவுடன் அந்தத் தயக்கமெல்லாம் மறைந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். காட்டிலும் மக்கள் தத்தம் ஊராரோடும் உறவினரோடுமே கொட்டில் போட்டார்கள். ஆனால் காட்டிலே உப்பு முடிந்துவிட்டால் கடை இல்லை. நெருப்பு அணைந்துவிட்டால் பக்கத்து அடுப்பிலேதான் கொள்ளி எடுக்க வேண்டும். தேவை வந்தபோது தயக்கம் சற்று விலகி நின்றது.

இதற்கு நான் கண்ட சாட்சி ஒன்றுண்டு. அறுபதுகளில், எனக்கு எட்டு வயதாயிருக்கும்போது, அயல்வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பத்தோடு நாங்களும் மடுவுக்குப் போனோம். நாங்கள் சைவர்கள். எனக்கு நெருப்புக்காய்ச்சல் வந்து மாறியதற்காக அம்மம்மா வைத்த நேர்த்தி அது. மதவாச்சியில் வண்டி மாறி மடு றோட்டில் இறங்கினோம். அம்மம்மா ஆசாரமானவர். பிறர் பானையிற் சோறு உண்ணமாட்டார். தமக்கென ஒரு மண்பானையைத் துணியிலே சுற்றி மடியில் வைத்தபடியே வந்தார். மூன்றாம் நாட் காலை அந்தப் பானை அடுப்பிலே வெடித்துவிட்டது. அரைவேக்காட்டு அரிசி நெருப்பிலே கொட்டி அணைந்தது.

அடுத்த கொட்டிலில் இருந்தவர்கள் சிலாபத்துச் சிங்களக் குடும்பத்தார். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்துவந்து தம்முடைய பானையொன்றை அம்மம்மாவின் முன்னே வைத்தார். அம்மம்மா அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாம்பல் அள்ளி அப்பானையை மூன்று முறை தேய்த்துக் கழுவினார். அன்று அதிலேதான் சமைத்தார். மத்தியானம் ஒரு கோப்பையில் சோறும், மேலே பொரித்த மோர்மிளகாயும் வைத்து என் கையிலே தந்து, “கொண்டுபோய் அந்த மனுசியிட்டைக் குடு” என்றார். பதிலுக்கு ஒரு சிரட்டையில் தேங்காய்ச் சம்பல் வந்தது. அதை அம்மம்மா உண்டாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். உண்டார். ஊருக்குத் திரும்பியபின் அவர் பிறர் பானையில் உண்டதாக நான் அறியேன். ஆயினும் சாகும்வரை அந்தச் சிலாபத்து அம்மாவைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருந்தார்.

புறப்படும் அன்று நான் அடுப்புக் கற்களைக் காலால் தட்டி விளையாடினேன். அம்மம்மா அதட்டினார். “நெருப்பைத் தண்ணி ஊத்தி நூர், மண்ணைப் போட்டு மூடு. கல்லை மட்டும் தட்டிப்போடாதை. பின்னுக்கு வாறவைக்கு உதவும்.” அம்மம்மா அகநானூறு படித்தவரல்லர்.

பின்னுக்கு வந்தவர்கள் யாவர் என்பதை 1990ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது மன்னார், வவுனியாப் பகுதிகளிலிருந்து பல்லாயிரக்கணக்கான மக்கள் மடுக்கோயில் வளவிலே அடைக்கலம் புகுந்தனர். ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான தாபனம் அங்கே நிவாரண நிலையமொன்றை ஏற்படுத்தியது. திருவிழாக் கொட்டில்கள் நின்ற மரங்களின் கீழ் தறப்பாள் கொட்டில்கள் எழுந்தன. புகையிரதமும் நின்றுபோயிற்று. எங்களை மடுவுக்கு அழைத்துச்சென்ற அயல்வீட்டாரின் மகள் மன்னாரிலே வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளும் பிள்ளைகளோடு அங்கே வந்துசேர்ந்தாள். “முந்தித் திருநாளுக்கு வந்தபோது இருந்த அதே மரம், அதே விறகு, அதே புகை. கறுத்த கல்லும் அங்கேயே கிடந்தது. அதிலைதான் நிவாரண மாவை ரொட்டியாச் சுட்டன். அந்த நாளையில் ஏன் அவ்வளவு ருசியாய் இருந்தது என்றுதான் யோசிச்சன்” என்று பின்னாளில் என்னிடம் சொன்னாள்.

மடுவும் கடைசியில் அபயம் அளிக்க இயலாத இடமாயிற்று. 1999 நவம்பர் 20ஆந் திகதி கோயில் வளவிலே எறிகணைகள் வீழ்ந்து, அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களிற் சிறுவர்களும் இருந்தனர். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மாதா சுரூபமே தேவன்பிட்டிக்கு எடுத்துச்செல்லப்பட்டது. மாந்தையிலிருந்து காட்டுக்குள் வந்த சுரூபம், ஏறக்குறைய 340 ஆண்டுகளின் பின் மீண்டும் ஓர் அகதியாகக் காட்டைவிட்டுப் போயிற்று. அவ்வாண்டு ஓகஸ்டில் அது மடுவுக்குத் திரும்பியது. 2013இல் மடு றோட் வரை புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியது. 2015 சனவரி 14ஆந் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் அங்கு வந்தபோது, இரு மொழி பேசும் மக்களும் அந்த மரநிழலிலே மீண்டும் ஒன்றாய்க் கூடினர்.

நேயர்களே, நமது மொழியிலே முகாம் என்ற சொல் இந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் துயரத்தின் சொல்லாகிவிட்டது. கூடாரம் என்றால் நம் பிள்ளைகளுக்கு அகதி நினைவு வருகிறது. அதே கூடாரத்தின் கீழ் நம் முன்னோர் மகிழ்ந்து உண்டதையும், மொழி தெரியாத அயலவருக்கு ஒரு கோப்பைச் சோறு கொடுத்தனுப்பியதையும் நாம் அவர்களுக்குச் சொல்லாமல் விட்டால், மடுவின் வரலாற்றிற் பாதியைத்தான் அவர்கள் அறிவார்கள். ஓடி வந்தவர்களின் அடுப்பிலே திருநாளுக்கு வந்தவர்கள் சமைத்தார்கள். திருநாளுக்கு வந்தவர்களின் அடுப்பிலே ஓடி வந்தவர்கள் மறுபடியும் சமைத்தார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்று குடும்பத்தோடு வாகனத்தில் மடுவுக்குப் போகிறவர்கள், எரிவாயு அடுப்பையும் கூடவே கொண்டுபோகலாம். சோற்றுப் பொதியைக் கடையிலே வாங்கிக்கொள்ளவும் கூடும். அதிலே தவறில்லை. ஆனால் எங்காவது ஒரு மரத்தடியில் மூன்று கல் கறுத்துக் கிடக்கக் கண்டால், தயவுசெய்து அவற்றைத் தட்டிவிடாதீர்கள். பின்னால் வருபவர் திருநாளுக்கு வருபவராகவே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு அப்படியே விட்டுவிட்டு வாருங்கள்.