ஆளில்லாமல் ஓடும் தொலைக்காட்சி: கம்பம் பள்ளத்தாக்கின் வீட்டுப் பிள்ளைக்காப்பும் பின்னணி ஒலியும்

வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கும் இடங்களில் தொலைக்காட்சி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், பிள்ளை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்பதே கேள்வியாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதலும் நேரத்தைத்தான் அளக்கிறது: இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஆனால் யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி இந்தக் கணக்கில் வருவதில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பெரிய இழப்பு அந்தப் பெட்டியால்தான் என்பதும், பிள்ளை பார்ப்பவரின் நாளை ஒழுங்குசெய்யாமல் அதை அணைக்க முடியாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்தக் கேள்விக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் அனுமந்தன்பட்டி பொருத்தமான களம். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையில் உள்ள இந்தப் பேரூராட்சியைச் சுற்றி நெல்வயலும் திராட்சைப் பந்தலும் தென்னந்தோப்பும் உண்டு. கூலி வேலை அங்கே மட்டும் முடிவதில்லை. பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து இடுக்கி மாவட்டத்து ஏலக்காடுகளுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் அதிகாலையிலேயே கம்பமெட்டுக்கும் குமுளிக்கும் புறப்படுகின்றன. திரும்புவதற்குப் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை பிள்ளை அம்மாச்சியிடமோ அப்பத்தாவிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ இருக்கும். பெயர்ப்பலகையும் பதிவும் இல்லாத காப்பகங்கள் இவை.

சட்டம் இந்த வீடுகளை எட்டவில்லை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வேலையிடத்துக்கு வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தச் சொன்னது. மகப்பேற்று நலச் சட்டத்தின் 2017 திருத்தமும் ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களைப் பற்றியதே. மூன்றும் காப்பகத்தை வேலையிடத்தோடு கட்டிவைத்தன. ஜீப்பில் போய்த் திரும்பும் தாயின் பிள்ளை மலை ஏறுவதில்லை. பாலவாடியில் பகல் முழுதும் உட்காரும் வயது இரண்டுக்கு மேல்தான். அதுவும் ஜீப் திரும்பும் முன்பே அடைத்துவிடும். ஆகவே திரையே கூடாது என்று மருத்துவம் சொல்லும் வயதுப் பிள்ளைதான், நாள் முழுதும் ஒற்றை அறை வீட்டில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கட்டிய சேலைத் தொட்டிலில் கிடக்கிறது.

அந்த அறைக்குப் பெட்டி வந்த வரலாறு அண்மைக்காலத்தது. 2006 சட்டமன்றத் தேர்தல் வாக்குறுதிப்படி, அதே ஆண்டு செப்டம்பரில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வழங்கப்பட்டன. அதைப் பழிப்பது நியாயமல்ல. வெளியே போக முடியாமல் பிள்ளையோடு அடைந்து கிடக்கும் முதியவளுக்கு அந்தப் பெட்டிதான் பேச்சுத்துணை.

ஆனால் அந்தத் துணை பிள்ளைக்குச் சேர வேண்டிய பேச்சை எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் டிமித்ரி கிறிஸ்டாகிஸும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மாதம் முதல் நான்கு வயது வரையிலான 329 பிள்ளைகளின் உடையில் சிறு ஒலிப்பதிவுக் கருவி பொருத்தப்பட்டது. தொலைக்காட்சி காதில் விழும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர் வாயிலிருந்து பிள்ளை கேட்கும் சொற்கள் சுமார் 770 குறைந்திருந்தன. ஓராண்டு முன்பு, 2008-இல், மேரி எவன்ஸ் ஷ்மிட் குழுவினர் ஒன்று முதல் மூன்று வயது வரையிலான ஐம்பது பிள்ளைகளை விளையாட விட்டு, அரைமணி நேரம் பெரியவர்களுக்கான வினாடிவினா நிகழ்ச்சியை ஓடவிட்டார்கள். பிள்ளைகள் திரையை அவ்வப்போது சில நொடிகள்தான் ஏறிட்டுப் பார்த்தன. இருந்தும் ஒரு பொம்மையோடு நிலைத்து விளையாடும் நேரம் சுருங்கிவிட்டது. “அது எங்கே பார்க்குது, அது பாட்டுக்கு விளையாடுது” என்று வீட்டில் சொல்லும் சமாதானம் இங்கே உடைகிறது.

கூட்டுக்குடும்ப வீடு என்றைக்கு அமைதியாக இருந்தது என்று கேட்கலாம். கேள்வி சரியானது, விடை ஒலியின் தன்மையில் இருக்கிறது. மிக்சி இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். குக்கர் விசில் அடித்து ஓயும். மின்விசிறியின் இரைச்சல் சீரானது, காது அதை ஒதுக்கப் பழகும். தொலைக்காட்சியிலிருந்து வருவதோ மனிதக் குரல். இன்னொரு மனிதக் குரலோடு அது எளிதில் கலந்து குழப்பும். ரோஷெல் நியூமன் 2005-இல் செய்த சோதனையில், பின்னணிப் பேச்சைவிடப் பத்து டெசிபல் உரக்கச் சொன்னால்தான் ஐந்து மாதக் குழந்தை தன் பெயரை அடையாளம் கண்டது. ஐந்து டெசிபல் வேறுபாடு போதவில்லை. பெரியவருக்கு அந்த இடைஞ்சல் தெரியாது. விட்டுப்போன ஒலியை அறிந்த சொல்லைக் கொண்டு அவர் நிரப்பிக்கொள்வார். பிள்ளையிடம் அந்தச் சொல்லே இன்னும் இல்லை. ‘மனம்’, ‘மணம்’ என்றோ ‘வலி’, ‘வழி’ என்றோ நுட்பமாகப் பிரியும் தமிழ் ஒலிகளைப் பிரித்துக் கேட்க, பேசுபவரின் குரல் தெளிவாகக் காதில் விழ வேண்டும்.

வீட்டின் கட்டுமானமும் இதில் சேர்கிறது. சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும் தகரக் கூரையும் ஒலியை விழுங்காமல் திருப்பி அடிக்கின்றன. பாய், மடித்துப் போட்ட போர்வை, சுவரோரம் தொங்கவிட்ட பழைய சேலை ஆகியவை எதிரொலியைச் சற்றுக் குறைக்கும். கனமான ஒலிகளை இவை தடுக்கா. தொட்டிலைப் பெட்டிக்கு எதிர்மூலைக்கு மாற்றுவது செலவில்லாத வழி, ஆனால் சிறு அறையில் எதிரொலியால் அதன் பயனும் குறைவு. திருவிழா ஒலிபெருக்கியும் நெடுஞ்சாலை வண்டியும் வீட்டாரின் கையில் இல்லை. கையில் இருப்பது ரிமோட் மட்டும்.

ஆயினும் ‘அணைத்துவிடு’ என்ற உத்தரவு நிற்காது. அடுப்பில் உலை கொதிக்கும்போது பிள்ளை வாசல் தாண்டி ரோட்டுக்கோ தண்ணீர்த் தொட்டிக்கோ போய்விடக் கூடாதென்று பாட்டுச் சேனல் போடப்படுகிறது. அந்தப் பயம் உண்மையானது. வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகைத் தடுப்பும், சமையல்கட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியும் இடத்தில் விரித்த பாயும், கையில் கொடுக்கக் கிண்ணம், கரண்டி, கொட்டாங்குச்சியும் இருந்தால் பெட்டியின் அந்த வேலை குறையும். சீரியலுக்கும் இடம் வேண்டும். பாட்டி விரும்பிப் பார்க்கும் ஒன்றிரண்டு தொடர்களுக்கு நேரம் குறித்து, அப்போது மட்டும் போட்டு, முடிந்ததும் அணைப்பது நடக்கக்கூடியது. மதியத் தூக்க நேரத்தில் பெட்டி உள்ள அறையில் தொட்டில் கட்டக் கூடாது. அறை ஒன்றே என்றால் அந்த நேரத்துத் தொடரைப் பிறகு கைபேசியில் பார்க்கலாம். அதிகாலையில் தூக்கத்தோடு வந்து சேரும் பிள்ளைக்கும், மாலையில் தாய் வரும்வரை சிணுங்கும் பிள்ளைக்கும் பேச்சு மிகவும் வேண்டியிருக்கும். அந்த இரு வேளையிலும் பெட்டி அணைந்திருக்க வேண்டும்.

இவற்றை யார் சொல்வது என்பதும் முக்கியம். கூலியிலிருந்து பிள்ளை பார்ப்பவருக்குப் பணம் கொடுக்கும் தாய், நாளைக்குப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்ற அச்சத்தில் வாய் திறப்பதில்லை. சொந்த அம்மா என்றால் இன்னும் கடினம். தடுப்பூசி நாளில் வரும் கிராம சுகாதாரச் செவிலியரும் பாலவாடி டீச்சரும் எடையையும் உயரத்தையும் கேட்கும்போதே பகலில் பெட்டி எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்றும் கேட்கலாம். அந்தக் கேள்வியைப் பிள்ளை பார்ப்பவரிடம் நேரில் கேட்க வேண்டும், ஏனென்றால் ஜீப்பில் போன தாய்க்கு அதன் விடை தெரியாது.