சூசோப் பூங்காவும் துறவு என்னும் கருத்தும்

சீனத்துச் சூசோ நகரின் சுவோசெங் யுவான் பூங்காவை இயற்கை ஈடுபாட்டின் சின்னமாக மட்டும் கொள்வது, அதன் சமூக அடிப்படையை மறைத்துவிடும் என்பது எமது கருத்து.

அரசவையிற் பின்னடைவு கண்டு ஊர் திரும்பிய மிங் காலத்து அதிகாரி வாங் சியான்சென், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை அமைத்தார். காய்கறி பயிரிட்டு விற்றலே திறனற்றவனின் ஆட்சிப்பணி என்ற, 3ஆம் நூற்றாண்டுப் புலவர் பான் யூவேயின் கூற்றையொட்டியே பூங்கா பெயர் பெற்றது. ஆயின், குளங்களும் செயற்கைக் குன்றுகளும் மண்டபங்களும் காய்கறி விற்ற பணத்தில் எழுந்தவையல்ல. நெல்லும் பட்டும் செழித்த யாங்சிக் கீழ்ப்பகுதியின் உபரியே இத்தகைய பூங்காக்களைத் தாங்கிற்று.

அமைப்பின் மையம் நீர். அதன் மேலாக, மதிலுக்கப்பாலுள்ள பௌத்த அடுக்குக் கோபுரம் தெரியும். இவ்வுத்தியைச் சீனர் 'இரவற் காட்சி' என்பர். கோபுரத்தை உள்வாங்கிய அதே மதில், நகரின் உழைப்பாளரைப் புறத்தே நிறுத்திற்று. வென் செங்மிங் 1533இல் பூங்காவின் 31 காட்சிகளை ஓவியமும் கவிதையுமாக்கினார். மண் சுமந்தோரை நாம் பெயரால் அறியோம்.

1860இல் சூசோவைக் கைப்பற்றிய தைப்பிங் எழுச்சியின் தளபதி லி சியூசெங்கும் இதனைத் தம் மாளிகையின் பகுதியாக்கினார். உழவர் எழுச்சியின் தலைமையும் பழைய உடைமையாளரின் மதிலுக்குள்ளேயே அமர்ந்தமை மனங்கொள்ளத்தக்கது. பொதுமக்களுக்கு வாயில் திறந்தது 1952இலேயே.

இப்பூங்காவின் அழகை நாம் மறுக்கவில்லை. அதனை உருவாக்கிய உழைப்பும் அதன் வரலாற்றில் இடம்பெறல் வேண்டும் என்பதே எமது வாதம்.